ஜப்பான் ஓடையும் இமயமலை ஓடையும்: இரண்டு பழந்தட்டான்களின் பாதுகாப்பு நிலை

தட்டான்களையும் ஊசித்தட்டான்களையும் சேர்த்துப் பார்த்தால், அறிவியல் பெயர் பெற்ற இனங்கள் உலகில் ஆறாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. அத்தனை பெரிய கூட்டத்தில் ஒரே ஒரு பேரினம் மட்டும் தட்டான் பக்கமும் முழுதாகச் சேராமல், ஊசித்தட்டான் பக்கமும் சேராமல் தனியே நிற்கிறது. அதன் பெயர் எப்பியோஃப்ளீபியா. அதில் நன்றாக அறியப்பட்ட இனங்கள் இரண்டு. எப்பியோஃப்ளீபியா சூப்பர்ஸ்டீஸ் ஜப்பானின் மலை ஓடைகளில் வாழ்கிறது. எப்பியோஃப்ளீபியா லெய்ட்லாவி இமயமலையின் ஓடைகளில் வாழ்கிறது. இரண்டு இருப்பிடங்களுக்கும் நடுவே சுமார் 4,000 கிலோமீட்டர் தொலைவு. வசதிக்காக இந்தக் கட்டுரையில் முன்னதை ஜப்பான் தட்டான் என்றும் பின்னதை இமயமலைத் தட்டான் என்றும் சொல்கிறேன்.

இரண்டும் பார்க்க ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். வாழும் முறையும் ஒன்றுதான். ஆனால் உயிரினங்கள் அழியும் ஆபத்தை மதிப்பிடும் உலகச் சிவப்புப் பட்டியலைத் திறந்தால் ஜப்பான் தட்டான் 'தீவாய்ப்பு கவலை குறைந்த இனம்' என்ற வகையில் இருக்கிறது. இமயமலைத் தட்டான் ஆபத்தில் ஒரு படி மேலே, 'அச்சுறு நிலையை அண்மித்த இனம்' என்ற வகையில் இருக்கிறது. ஒரே மாதிரி உடல், ஒரே மாதிரி வாழ்க்கை, அப்புறம் ஏன் இரண்டு நிலைகள்? ஓர் உயிரினத்தின் பாதுகாப்பு நிலை எதை வைத்து முடிவாகிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான ஜோடி எனக்குத் தெரிந்து இல்லை. உடலிலும் பழக்கத்திலும் பெரிய வேறுபாடு இல்லாததால், நிலையில் வரும் வேறுபாட்டுக்குக் காரணம் பூச்சிக்கு வெளியேதான் இருக்க வேண்டும்.

தட்டானா, ஊசித்தட்டானா?

முதலில் இந்தப் பூச்சி எப்படிப்பட்டது என்று பார்த்துவிடலாம். தட்டானையும் ஊசித்தட்டானையும் பிரித்தறிய எளிய வழி, அவை உட்காரும் விதம். தட்டான் உட்காரும்போது சிறகுகளை இரண்டு பக்கமும் விரித்து வைத்திருக்கும். பின்சிறகு முன்சிறகைவிட அடிப்பகுதியில் அகலமாக இருக்கும். உடல் தடித்தது. பெரும்பாலான தட்டான்களில் இரண்டு கண்களும் தலைக்கு மேலே ஒன்றையொன்று தொடும். ஊசித்தட்டானின் உடல் மெலிந்தது, நான்கு சிறகுகளும் ஒரே வடிவம், அடியில் காம்புபோல் குறுகியிருக்கும். உட்காரும்போது பெரும்பாலான இனங்கள் சிறகுகளை முதுகுக்கு மேல் சேர்த்து மடித்துக்கொள்ளும். கண்கள் தலையின் இரு ஓரங்களிலும் விலகி இருக்கும்.

எப்பியோஃப்ளீபியாவின் உடல் தட்டானுடையது: தடித்தது, கறுப்பு நிறம், அதில் மஞ்சள் பட்டைகள். ஐந்து சென்டிமீட்டர் அளவு நீளம். சிறகுகளோ ஊசித்தட்டானுடையவை. நான்கும் ஏறக்குறைய ஒரே வடிவில், அடியில் குறுகியிருக்கும். செடியில் தொங்கி ஓய்வெடுக்கும்போது அவற்றைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். லார்வாவை, அதாவது தண்ணீரில் வளரும் இளம்பருவத்தைப் பார்த்தால் மறுபடியும் தட்டான். ஊசித்தட்டான் லார்வாவின் வால் நுனியில் இலைபோல மூன்று செவுள்கள் நீட்டிக்கொண்டிருக்கும். தட்டான் லார்வாவுக்கு அப்படி எதுவும் வெளியே தெரியாது, குடலின் கடைசிப் பகுதிக்குள்ளேயே மூச்சு விடும் அமைப்பு இருக்கும். எப்பியோஃப்ளீபியா லார்வாவும் அப்படித்தான். இது தவிர அதற்கு ஒரு தனித்தன்மை உண்டு. பின்னங்காலை வயிற்றின் பக்கவாட்டில் உள்ள வரிகளில் உரசி அதனால் ஒலி எழுப்ப முடியும்.

இந்தக் கலப்பு உருவம் விஞ்ஞானிகளை நெடுநாள் குழப்பியது. ஜுராசிக் காலப் பாறைகளில் இதே போன்ற சிறகமைப்புள்ள புதைபடிவங்கள் கிடைத்திருந்தன. அந்தப் பழங்கூட்டத்தில் மிஞ்சியது இது மட்டும்தான் என்று கருதி, தட்டான்களுக்கும் ஊசித்தட்டான்களுக்கும் சமமான மூன்றாவது துணைவரிசையாக இதை வைத்திருந்தார்கள். இன்றைய ஆய்வுகள் இதைத் தட்டான்களின் நெருங்கிய உறவாகவே காண்கின்றன. அதாவது இன்று உயிரோடு இருக்கும் மற்ற எல்லாத் தட்டான்களும் ஒரு கிளை. அந்தக் கிளை பிரிந்த அதே இடத்தில் பிரிந்த இன்னொரு சிறு கிளை எப்பியோஃப்ளீபியா. இதை 'உயிருள்ள புதைபடிவம்' என்று சொல்லும் வழக்கம் உண்டு. எனக்கு அதில் அவ்வளவு உடன்பாடில்லை. உடலமைப்பில் சில பழைய கூறுகள் தங்கியிருப்பதால் ஓர் உயிரினம் மாறாமல் உறைந்துபோய்விட்டதாக ஆகாது. இதுவும் மற்ற எல்லா உயிர்களையும் போல இன்றுவரை பரிணமித்து வந்த ஒன்றுதான்.

முதிர்ந்த பூச்சிக்காக நாற்பது ஆண்டுகள்

ஜப்பான் தட்டானுக்கு 1889-ல் பெயர் வைத்தவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த எட்மண்ட் தெ செலீஸ் லாங்ஷாம். முகாஷி-தோம்போ என்று ஜப்பானியர் அழைக்கும் இந்தப் பூச்சியை அதன் பிறகு அந்நாட்டு ஆய்வாளர்கள் விடாமல் பின்தொடர்ந்தார்கள். எங்கே முட்டையிடுகிறது, லார்வா எத்தனை ஆண்டு வளர்கிறது, எப்போது கரையேறுகிறது என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாகப் பதிவாகியிருக்கிறது.

இமயமலைத் தட்டானின் கதை வேறு. டார்ஜிலிங் மாவட்டத்தில் சோனாடாவுக்குக் கீழே உள்ள ஓர் ஓடையில் ஸ்டான்லி கெம்ப் என்ற விலங்கியலாளருக்கு விசித்திரமான ஒரு லார்வா கிடைத்தது. அதை ஆராய்ந்து 1921-ல் பெயரிட்டவர் ராபின் டில்யார்டு. தட்டான்களில் வல்லுநரான லெய்ட்லாவைச் சிறப்பித்து அந்தப் பெயரை வைத்தார். கவனிக்க வேண்டியது என்னவென்றால், அவர் கையில் இருந்தது லார்வா மட்டும்தான். அது சிறகு முளைத்தால் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. முதிர்ந்த பூச்சியின் விவரணை வர நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் ஆயிற்று. 1963-ல் ஜப்பானிய ஆய்வாளர் ஷோஜிரோ அசஹினா, இமயமலையில் கிடைத்த ஒரு முதிர்ந்த தட்டானை விவரித்து, அது டில்யார்டு பெயரிட்ட இனமாக இருக்கலாம் என்று எழுதினார்.

இந்த வரலாற்றைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஓர் இனத்தைப் பற்றி எவ்வளவு தெரியும் என்பதும் அதன் பாதுகாப்பு நிலையைத் தீர்மானிக்கிறது. ஜப்பான் தட்டானைப் பற்றி 1889-லிருந்து திரண்ட அறிவு இருக்கிறது. இமயமலைத் தட்டானைப் பற்றிய செய்திகளோ இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடைத்தவை. பூட்டானில் அது வாழ்வதை விவரிக்கும் ஆய்வுக் கட்டுரையே 2009-ல்தான் வந்தது.

சரி, இரண்டும் உண்மையிலேயே தனித்தனி இனங்கள்தானா? மஞ்சள் குறிகளின் அமைப்பு, லார்வாவின் உடல் விளிம்புகள் போன்ற நுணுக்கங்களில் வேறுபாடு உண்டு. நிபுணர் அல்லாதவருக்கு அவை கண்ணில் படாது, பிடித்த இடம் எது என்பதே போதிய அடையாளம். 2012-ல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு என்று காட்டியது. அதற்கு அந்த ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம் பனியூழிக் காலத்தைச் சுட்டுகிறது. அப்போது ஆசியா முழுவதும் குளிர் பரவியிருந்தது. இன்று மலை உயரங்களில் மட்டும் இருக்கும் குளிர்ந்த ஓடைகள் அன்று தாழ்வான நிலங்களிலும் ஓடியிருக்கும். கடல் மட்டம் நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்ததால் ஜப்பானுக்கும் ஆசிய நிலப்பரப்புக்கும் இடையே இருந்த கடல் குறுகியிருந்தது. இமயமலை முதல் ஜப்பான் வரை ஒரே கூட்டமாகப் பரவியிருந்த தட்டான்கள், பூமி வெப்பமானபோது குளிரைத் தேடி மலையேறின. இடையில் இருந்தவை மறைந்து இரு முனைகளிலும் இருந்தவை தங்கின. பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்த இனங்கள் என்று நினைத்தவர்களுக்கு இது பெரிய வியப்பு.

தண்ணீருக்குள் நீளும் வாழ்நாள்

இந்தப் பூச்சிகளின் பாதுகாப்பு பற்றிப் பேச வேண்டுமானால் அவற்றின் லார்வா வாழ்க்கையைத் தெரிந்துகொள்ளாமல் முடியாது. என் பார்வையில் இதுதான் மொத்த விஷயத்தின் மையம்.

பல தட்டான்கள் முட்டையிலிருந்து சிறகு முளைப்பது வரை சில மாதங்களில் முடித்துவிடும். மழைக் குட்டைகளில் முட்டையிடும் இனங்களுக்கு அந்த வேகம் தேவை. குட்டை வற்றுவதற்குள் வளர்ந்தாக வேண்டும். ஒரு குட்டை அழிந்தாலும் அடுத்த மழையில் இன்னொரு குட்டை பிறக்கும், எங்கிருந்தோ ஒரு பெண் தட்டான் பறந்துவந்து முட்டையிடும்.

எப்பியோஃப்ளீபியாவுக்கு அந்த வசதியே கிடையாது. ஜப்பான் தட்டானின் லார்வா 5 முதல் 8 ஆண்டுகள் வரை ஓடையில் கிடந்து வளர்கிறது. இமயமலைத் தட்டானுக்கும் அதே அளவோ, அதற்கு மேலோ ஆகலாம் என்று கருதப்படுகிறது. குளிர்ந்த நீரில் உடலின் வேலைகள் மெதுவாக நடக்கும், இரையும் குறைவு. அதனால் வளர்ச்சியும் நத்தை வேகம்தான். லார்வா வேகமாக ஓடும் நீரில் கற்களின் அடிப்பக்கத்தைப் பற்றிக்கொண்டு, மற்றப் பூச்சிகளின் லார்வாக்களைப் பிடித்துத் தின்று காலம் கழிக்கிறது. கடைசிப் பருவத்தை எட்டியதும் வசந்தத்தில் நீரைவிட்டு வெளியேறி, உடனே சிறகு விரிக்காமல், ஏறக்குறைய ஒரு மாதம் ஓடைக்கரையில் கற்களுக்கும் ஈரச்சருகுகளுக்கும் அடியில் தங்குகிறது. பிறகுதான் தோலுரித்துப் பறக்கிறது. முதிர்ந்த பூச்சியின் பறக்கும் பருவம் ஏப்ரல் முதல் ஜூன் வாக்கில் முடிந்துவிடும். பெண் பூச்சி நீரோரத் தாவரங்களின் திசுவைக் கீறி அதற்குள் முட்டைகளைச் செருகும். ஈரமான பாசியினத் தாவரங்களும் சாறு நிறைந்த தண்டுள்ள செடிகளும் அதற்கு உகந்தவை.

இந்த வாழ்க்கைக்கு என்னென்ன வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். ஆண்டு முழுவதும் வற்றாத, குளிர்ந்த, ஆக்சிஜன் நிறைந்த ஓடை வேண்டும். மண் படிந்து மூடாத கற்கள் வேண்டும். நீரை நிழலில் வைத்திருக்கக் காடு வேண்டும். கரையில் ஈரச்சருகும் முட்டையிடத் தகுந்த செடிகளும் வேண்டும். இவை எல்லாம் ஓராண்டு இரண்டாண்டு இருந்தால் போதாது, எட்டு ஆண்டுகள் இடைவிடாமல் இருக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு கோடையில் ஓடை வற்றினாலும், மேலே சாலை வெட்டிய மண் ஒருமுறை வந்து கற்களை மூடினாலும், அந்த ஆண்டின் குஞ்சுகள் மட்டும் சாவதில்லை. ஓடையில் ஒன்றாக வளர்ந்துகொண்டிருந்த எட்டு ஆண்டுகளின் குஞ்சுகளும் சேர்ந்தே போய்விடும்.

இமயமலைத் தட்டானுக்கும் ஜப்பான் தட்டானுக்கும் இந்தப் பலவீனம் பொதுவானது. ஆனால் நிலை வேறு. அது ஏன் என்பதற்குச் சிவப்புப் பட்டியல் எப்படி அளக்கிறது என்று தெரிய வேண்டும்.

சிவப்புப் பட்டியல் எதை அளக்கிறது?

இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம், சுருக்கமாக ஐ.யு.சி.என்., 1948-ல் தொடங்கப்பட்டது. அது 1964 முதல் நடத்திவரும் பட்டியல்தான் சிவப்புப் பட்டியல். ஓர் இனம் எவ்வளவு அழகானது, அரியது, பழையது என்பதற்கெல்லாம் அங்கே மதிப்பெண் கிடையாது. பட்டியல் கேட்பது ஒரே கேள்வி: இந்த இனம் அழிந்துபோகும் வாய்ப்பு எவ்வளவு?

வகைகளைக் கீழிருந்து சொல்கிறேன். உடனடி ஆபத்து இல்லாதவை தீவாய்ப்பு கவலை குறைந்தவை. ஆபத்து வகைக்குள் வர இன்னும் சிறிதே பாக்கி என்றால் அச்சுறு நிலையை அண்மித்தவை. அதற்கு மேலே அழிவாய்ப்பு, அருகிய, மிக அருகிய என்ற மூன்றும். இந்த மூன்றில் இருப்பவற்றைத்தான் அழியும் ஆபத்தில் உள்ள இனங்கள் என்று கணக்கிடுகிறார்கள். கடைசியில் இயலிடத்தில் அற்றுப்போனவையும், முற்றிலும் அற்றுப்போனவையும். முடிவு செய்யப் போதிய செய்தி இல்லாதபோது 'தரவுகள் போதாது' என்று தனியே வைக்கிறார்கள். அந்த வகை நல்ல செய்தி என்று பலர் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி வைக்கப்பட்ட ஓர் இனம் நலமாகவும் இருக்கலாம், அழிவின் விளிம்பிலும் இருக்கலாம்.

எந்த வகையில் வைப்பது என்று முடிவெடுக்க எண்ணளவுகள் உண்டு. தட்டான் போன்ற பூச்சிகளைத் தலையெண்ணிப் பார்க்க முடியாது. அதனால் பெரும்பாலும் நிலப்பரப்பை வைத்து அளக்கிறார்கள். இதில் இரண்டு அளவுகள் முக்கியம். ஓர் இனம் பதிவான எல்லா இடங்களையும் வரைபடத்தில் புள்ளி வைத்து, வெளிப்புறப் புள்ளிகளை இணைத்துக் கோடு போட்டால் கிடைக்கும் மொத்தப் பரப்பு முதல் அளவு. இரண்டாவது, அந்தக் கோட்டுக்குள் உண்மையில் அது வாழும் இடங்களின் பரப்பு. இதை 2 கிலோமீட்டருக்கு 2 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, இனம் இருக்கும் கட்டங்களை மட்டும் கூட்டுகிறார்கள்.

முதல் அளவு 20,000 சதுர கிலோமீட்டருக்குக் கீழே, அல்லது இரண்டாவது 2,000 சதுர கிலோமீட்டருக்குக் கீழே இருந்தால் அழிவாய்ப்பு வகையின் வாசலுக்கு வந்தாயிற்று. அருகிய இனத்துக்கு இந்த எண்கள் 5,000, 500. மிக அருகியதற்கு 100, 10. ஆனால் சிறிய பரப்பு மட்டும் போதாது. வாழிடம் துண்டு துண்டாகச் சிதறியிருப்பது அல்லது ஆபத்துக்கு உள்ளாகும் இடங்கள் மிகச் சிலவாக இருப்பது, தொடர்ந்து குறைந்துவருவது, எண்ணிக்கை தாறுமாறாக ஏறி இறங்குவது ஆகியவற்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும்.

ஓடையில் வாழும் இனங்களுக்கு இந்த இரண்டு அளவுகளும் வெகுவாக முரண்படும். நேபாளத்திலிருந்து பூட்டான் வரை கோடு போட்டால் பரப்பு மிகப் பெரிதாகத் தெரியும். ஆனால் அதற்குள் இருப்பதில் பெரும்பகுதி வெப்பமான பள்ளத்தாக்கு, வயல், ஊர், பனிமுகடு. தட்டான் வாழ்வதோ குறிப்பிட்ட உயரத்தில், காட்டு நிழலில் ஓடும் சில ஓடைகளில். கட்டங்களை எண்ணினால் பரப்பு சட்டென்று சுருங்கும். ஆனால் எத்தனை ஓடைகளில் தேடிப் பார்த்திருக்கிறோம் என்பதைப் பொறுத்து அந்த எண்ணும் மாறும். தேடாத ஓடை கணக்கில் வராது.

காலத்தையும் கவனிக்க வேண்டும். எண்ணிக்கை குறைந்துவிட்டதா என்று பார்க்கும் விதியில், 10 ஆண்டுகள் அல்லது மூன்று தலைமுறைகள், இவற்றில் எது நீளமோ அதைக் கணக்கில் எடுக்கிறார்கள். ஒரு தலைமுறைக்கே 8 ஆண்டுகள் ஆகும் பூச்சிக்கு மூன்று தலைமுறை என்பது 24 ஆண்டுகள். ஒரே ஓடையை அவ்வளவு காலம் தொடர்ந்து கண்காணித்தால்தான் சரிவு உண்டா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியும். இமயமலைப் பகுதியில் அப்படிப்பட்ட நீண்ட கண்காணிப்பு தொடங்கப்பட வேண்டும் என்பதை வலியுறுத்தியே சொல்ல விரும்புகிறேன்.

இரண்டு மலைகளின் நிலவரம்

ஜப்பான் தட்டான் ஹொக்கைடோ, ஹொன்ஷு, ஷிகோக்கு, கியூஷு ஆகிய நான்கு பெரிய தீவுகளிலும் உண்டு. ஜப்பானின் நிலப்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு காடு, அதில் பெரும்பகுதி மலைச்சரிவு. பரவலான வாழிடம், நிறைய ஓடைகள், நீண்ட காலப் பதிவுகள். ஒரு பள்ளத்தாக்கில் அழிந்தாலும் நூற்றுக்கணக்கான பள்ளத்தாக்குகளில் மிஞ்சும். எனவே உலக அளவில் கவலை குறைந்த இனம் என்ற முடிவு நியாயமானதே.

அதற்காக எங்கும் நலம் என்று அர்த்தமில்லை. மலைச்சரிவுகளில் மண் அரிப்பைத் தடுக்க ஓடைகளுக்குக் குறுக்கே கான்கிரீட் தடுப்புகள் கட்டுகிறார்கள், காட்டுச் சாலைகள் போடுகிறார்கள், இயற்கைக் காட்டை வெட்டி ஒரே மர வகையை நட்ட தோட்டங்களும் ஏராளம். சில மாகாணங்கள் தத்தம் எல்லைக்குள் தயாரிக்கும் சிவப்புப் பட்டியல்களில் இந்தத் தட்டானையும் சேர்த்திருக்கின்றன. உலகப் பட்டியலும் உள்ளூர்ப் பட்டியலும் வேறு வேறு முடிவு சொல்வதில் முரண்பாடு இல்லை. அளக்கும் எல்லை மாறினால் விடையும் மாறும்.

இமயமலைத் தட்டான் நேபாளம், இந்தியாவின் டார்ஜிலிங் பகுதி, பூட்டான் என்று நீண்டு கிடக்கும் மலைச்சரிவில், பெரும்பாலும் கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டர் அளவிலும் அதற்கு மேலும் உள்ள ஓடைகளில் வாழ்கிறது. அந்த உயரம் மனிதர்களுக்கும் உகந்த உயரம்தான் என்பது சிக்கல். விறகுக்காகவும் விவசாயத்துக்காகவும் காடு வெட்டப்படுகிறது. நிழல் போனால் ஓடை சூடாகிறது. ஊர்களின் கழிவும் துவைக்கும் சோப்பும் நீரில் கலக்கின்றன. குடிநீருக்காகவும் மின்சாரத்துக்காகவும் ஓடையின் நீர் குழாய்க்குள் திருப்பப்படுகிறது. சாலைப் பணிகளின் இடிபாடு சரிவில் தள்ளப்பட்டு ஓடைக்குள் வந்து விழுகிறது. மக்களுக்கு வீடும் தண்ணீரும் சாலையும் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஓடையின் மேல்பகுதியையும் அதைச் சுற்றிய காட்டையும் விட்டுவைத்து இவற்றைச் செய்ய வழிகள் இருக்கின்றன, அவற்றைத் தேர்ந்தெடுப்பது மனிதர்களின் குடிநீருக்கும் நல்லது. காத்மண்டுவுக்கு வடக்கே உள்ள சிவபுரி நாகார்ஜுன் தேசியப் பூங்கா இதற்குக் கண்முன் உள்ள உதாரணம். அந்தக் காட்டு ஓடைகள்தான் நகரத்துக்கு நீர் தருகின்றன, அதே காட்டில் இந்தத் தட்டானும் வாழ்கிறது.

வெப்பம் ஏறுவது தனிக் கவலை. குளிர்நீர் உயிரினங்கள் வெப்பம் கூடும்போது மேல்நோக்கி நகரும். ஆனால் இமயமலைத் தட்டானுக்கு மேலேறினால் போதாது, அங்கே நிழல் தரும் காடும் வற்றாத நீரும் இருக்க வேண்டும். மலை உயர உயர ஓடைகள் சிறுக்கின்றன. காடு ஓர் உயரத்துக்கு மேல் நின்றுவிடுகிறது. முட்டையிலிருந்து சிறகு வரை இத்தனை ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் பூச்சி வேகமாக இடம் மாற்றிக்கொள்ளவும் முடியாது.

பட்டியலும் சட்டமும்

சிவப்புப் பட்டியல் ஒரு மதிப்பீடு, சட்டமல்ல. ஓர் இனத்தை அதில் சேர்த்தால் எந்த நாட்டிலும் தானாக ஒரு தடையும் வந்துவிடாது. சட்டப் பாதுகாப்பை அந்தந்த நாடுதான் தர வேண்டும். இந்தியாவின் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் எப்பியோஃப்ளீபியா லெய்ட்லாவி பெயர் குறிப்பிட்டே சேர்க்கப்பட்டது. புலியும் யானையும் இருக்கும் சட்டத்தில் ஒரு தட்டானின் பெயரைச் சேர்த்தது பாராட்ட வேண்டிய செயல். ஆனால் அந்தப் பாதுகாப்பு முதன்மையாகப் பூச்சியை யாரும் பிடிக்காமல் காக்கிறது. வலையால் வரும் ஆபத்து இந்தத் தட்டானுக்கு மிகச் சிறியது. ஓடைக்கு வரும் ஆபத்தே பெரிது. அதனால் தேசியப் பூங்கா, நீர்ப்பிடிப்புக் காடு போன்ற இடம் சார்ந்த பாதுகாப்புகளே இதற்கு உண்மையில் உதவும் என்பது என் எண்ணம்.

நிலை மாறுவதைப் படிக்கும் விதம்

ஐ.யு.சி.என். 1983-ல் வெளியிட்ட முதுகெலும்பற்ற உயிரிகளுக்கான சிவப்புத் தரவுப் புத்தகத்திலேயே இமயமலைத் தட்டான் இடம்பெற்றுவிட்டது. அன்று தெரிந்த இடங்கள் மிகச் சில. பிறகு புதிய ஓடைகளில் கண்டுபிடிக்கப்பட்டது, பூட்டானும் வரைபடத்தில் சேர்ந்தது. இப்படிப் பதிவுகள் கூடும்போது ஓர் இனத்தின் ஆபத்து நிலை குறைந்ததாகத் தெரியும். ஆனால் அந்த இனம் பெருகியிருக்க வேண்டும் என்பதில்லை, நம் அறிவு பெருகியிருக்கலாம். ஐ.யு.சி.என். இந்த இரண்டையும் பிரித்தே குறிக்கிறது. உண்மையான மாற்றம் என்றால் களத்தில் நிலைமை மாறியிருக்கிறது. மற்றது தகவல் கூடியதாலோ வகைப்பாடு மாறியதாலோ வந்த மாற்றம். எந்த இனத்தின் பக்கத்தைத் திறந்தாலும் வகையின் பெயரோடு நிற்காமல், மதிப்பீடு செய்த ஆண்டு, அதற்குச் சொன்ன காரணம், வரைபடம் மூன்றையும் பார்த்துவிடுங்கள். பத்து ஆண்டுக்கு முந்தைய மதிப்பீடு இன்றைய ஓடையைப் பற்றிப் பேசாது.

தட்டான்கள் மொத்தத்துக்கும் இப்படி ஒரு கணக்கு 2021 டிசம்பரில்தான் முழுமை பெற்றது. 6,016 இனங்களை மதிப்பிட்டதில் 16 விழுக்காடு அழியும் ஆபத்தில் இருப்பதாகத் தெரியவந்தது. தெற்கு, தென்கிழக்கு ஆசியாவில் மட்டும் எடுத்தால் கால் பங்குக்கும் மேல். ஈரநிலங்களும் மழைக்காடுகளும் பயிர்நிலங்களாக மாறுவது அங்கே முக்கியக் காரணம்.

எப்பியோஃப்ளீபியாவின் கணக்கு இரண்டு இனங்களோடு முடிந்துவிடவும் இல்லை. 2012-ல் வடகிழக்குச் சீனாவின் ஹெய்லோங்ஜியாங் மாகாணத்திலிருந்து எப்பியோஃப்ளீபியா சைனென்சிஸ் என்ற இனம் விவரிக்கப்பட்டது. அதே ஆண்டில் சிச்சுவானில் கிடைத்த லார்வாக்களை வைத்து எப்பியோஃப்ளீபியா டயானா என்ற இன்னொன்றுக்கும் பெயர் வைத்தார்கள். இது தனி இனம்தானா, இமயமலைத் தட்டானின் கிழக்குக் கூட்டம்தானா என்ற கேள்வி பிறகு எழுந்தது. இரண்டும் ஒன்றே என்று முடிவானால் இமயமலைத் தட்டானின் வரைபடம் சிச்சுவான் வரை நீளும், கட்டங்களை மீண்டும் எண்ண வேண்டிவரும். டார்ஜிலிங்கில் ஓர் ஓடை வற்றினால் அங்குள்ள இழப்பு அதனால் ஒரு துளியும் குறையாது.